மூடி இல்லாத பேனா

"நீங்க சொன்னதிலே ஒரு சொல் விடலை மேடம். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலை."

சொன்னவர் வைகுண்டமணி. வயது அறுபத்தொன்று. வானியல் வகுப்பில் முதல் பெஞ்சு.

கேட்டவர் பேராசிரியை ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு.

வைகுண்டமணி கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் சுருக்கெழுத்தர். நீதிபதி இருமினால் அதற்கும் ஒரு குறி வைத்திருந்தார். சாட்சி பொய் சொல்ல வாயைத் திறக்குமுன் இவர் எழுதி முடித்துவிடுவார் என்பார்கள். அதை நான் பார்த்ததில்லை. பேனா புகைந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பேனாவுக்கு மூடி கிடையாது. மூடியைத் திறக்கிற நேரத்தில் ஒரு சொல் போய்விடுமே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"நேத்து வகுப்பை வாசிங்க அண்ணாச்சி."

நோட்டைப் புரட்டினார்.

"'நிலா ரொம்பச் சின்னது. ஆனா பக்கத்திலே இருக்கு.' தும்மல் ஒன்று. 'மணி ஒன்பது இருபத்தஞ்சு. எல்லாரும் பேனாவைக் கீழே வைங்க. கண்ணாடியை எடுத்துக்கிட்டு வெளியே வாங்க.'"

"அப்புறம்?"

"'எல்லாரும் உட்காருங்க.'"

"நடுவிலே?"

"நடுவிலே நீங்க ஒண்ணும் பேசலையே மேடம்."

ஜெசிந்தா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்.

வைகுண்டமணி மெல்லச் சொன்னார்: "ரெண்டு வரி பாக்கி இருந்துச்சு. எழுதிட்டுப் போயிரலாம்னு நினைச்சேன். நிமிர்ந்தா, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வாராங்க."

அவர் சட்டைப் பையில் கிரகணக் கண்ணாடி இருந்தது. உறை பிரிக்கவில்லை.

"இந்த வயசிலே இந்த வகுப்பிலே ஏன் சேர்ந்தீங்க அண்ணாச்சி?"

"எட்டு வயசிலே ஒரு கிரகணம். பார்த்தா ஆகாதுன்னு அம்மா உள்ளே போட்டுப் பூட்டிட்டா. ஓட்டுப் பொத்தல் வழியா தரையிலே வட்டமா வெயில் விழுந்துச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், யாரோ கடிச்ச மாதிரி அது குறையுது. கதவைத் தட்டினேன், தட்டினேன். திறக்கலை."

"அம்பத்து மூணு வருஷமா?"

"மேலே அது எப்படி இருந்திருக்கும்னு நினைக்காத நாள் இல்லை மேடம்."

ஜெசிந்தா மேஜை மேல் இருந்த நோட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். கடைசி பெஞ்சு மாணவி ரஹ்மத் நிஷாவுடையது.

நேற்றைய தேதி. ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. நடுவில் பென்சிலால் ஒரு வளையம். கீழே ஒரு வரி:

குருவி எல்லாம் சத்தத்தை நிறுத்திருச்சு. ஏன்?

வைகுண்டமணி அந்த வளையத்தின் மேல் விரலை வைத்துச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"குருவி நிறுத்தினது எனக்குக் கேட்கலையே மேடம்."

"கேட்டிருக்காது. அதை யாரும் சொல்லலையே."

விரலை எடுக்காமலே கேட்டார்: "நம்ம ஊருக்கு அடுத்தது எப்போ?"

"பதினோரு வருஷம் ஆகும்."

"எழுபத்திரண்டு." உதடு அசைந்தது. "இருந்தாலும் இருப்பேன். என்ன தேதி?"

கை தானாகப் பேனாவுக்குப் போயிற்று.

ஜெசிந்தா அவர் நோட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"பேனாவை மூடுங்க. சொல்றேன்."

வைகுண்டமணி மூடியைத் தேடினார். சட்டைப் பையில் தேடினார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார்.

பிறகு பேனாவை ஜெசிந்தா கையிலேயே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க."