வியாழக்கிழமைப் பேனா

மலையடிவாரத்தில் நாச்சியாரம்மாவின் ஆசிரமம் இருந்தது. அவருடைய சீடர் தெய்வசிகாமணி, வயதில் அம்மாவைவிட மூத்தவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், பேனாக்களைத் தவிர.

பெட்டி நிறைய மைப் பேனாக்கள். அவற்றில் ஏழுக்கு எப்போதும் மை நிரப்பியிருக்கும். கிழமைக்கு ஒன்றாக எழுதுவார். சும்மா கிடந்தால் மை காய்ந்து பேனாவின் நாக்கில் அடைத்துக்கொள்ளும் என்பதால் முறை தவறவே மாட்டார். மாதம் பிறந்தால் அவற்றை வெந்நீரில் அலசித் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வேறு பேனாக்களை வெளியே எடுப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டில் பச்சைப் பேனாவைக் காணவில்லை.

"பூங்காவனம் கேட்டா, குடுத்தேன்" என்றார் அம்மா.

பூங்காவனம் கல்குவாரியில் ஜல்லி உடைப்பவள். படித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டு வாங்கி, அவளுடைய நிலத்தைக் குவாரி முதலாளி தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அவள் ஆசிரமத்துக்கு வந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். அன்று தாலுகா ஆபீசில் மனு கொடுக்கப் போயிருந்தாள்.

"அது வியாழக்கிழமைப் பேனா அம்மா. என் கைக்குப் பழகின நிப்பு. அவ அழுத்தினா வளைஞ்சு போயிடும். ஒரு பால்பாயிண்ட் குடுத்திருக்கலாமே."

"அவ அதைத்தான் காட்டினா."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"நீங்க தியானத்துல இருந்தீங்க."

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினார். வழியெல்லாம் மனசுக்குள் வாதாடினார். குருவாகவே இருக்கட்டும், அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஆபீசில் பூங்காவனம் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். கிளார்க் ஸ்டாம்ப் பேடை அவள் பக்கம் தள்ளினார்.

"கைநாட்டு வை, போதும்."

"கையெழுத்துப் போடறேன் சார்."

"ரெக்கார்டுல நீ கைநாட்டு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாரு."

அவள் மடியிலிருந்து பேனாவை எடுத்தாள். கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"இது ஏது உனக்கு? எவன் வீட்டுல எடுத்தே?"

அவள் திரும்பினாள். அருகே வந்துவிட்டிருந்த தெய்வசிகாமணியின் கை, பேனாவை வாங்க நீண்டிருந்தது. "ஐயா" என்று மறுபேச்சில்லாமல் நீட்டினாள்.

அவர் கை இறங்கியது.

"அது அவங்க பேனா" என்றார் கிளார்க்கிடம். "அவங்க எழுதுவாங்க. நீங்க மரியாதையாப் பேசுங்க."

பூங்காவனம் மனுவின் மேல் குனிந்தாள். முதல் எழுத்திலேயே நிப்பு பிளந்தது. மை குளமாகத் தேங்கியது. அவள் நிறுத்தவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கிளார்க் மனுவை ஓரமாகப் போட்டார். ரசீது எழுதிக் கொடுக்கும்வரை தெய்வசிகாமணி மேசையைவிட்டு நகரவில்லை. அதற்கே சாயங்காலம் ஆயிற்று.

"பேனா என்ன ஆச்சு?" என்று கேட்டார் அம்மா, அவர் ஆசிரமத்துக்குத் திரும்பியதும்.

"அவகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். நிப்பு மட்டும் மாத்திக் குடுக்கணும்."

அம்மா தலையசைத்தார். மாலைத் தியானத்துக்கு மணி அடித்தது. தெய்வசிகாமணி எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கிளார்க் எத்தனை பேர் விரலைப் பிடிச்சு அந்த மையில அழுத்தியிருப்பான். நெனச்சா நெஞ்சு கொதிக்குது. இன்னிக்கு என்னால கண்ணை மூடி உட்கார முடியாதும்மா."

"உட்கார வேண்டாம்" என்றார் அம்மா. "அந்த ஆபீஸ் நாளைக்கும் திறந்திருக்கும்."