நாலாவது கார்டு

"ஒன்றரை வருஷமா தினம் காலைல ஒரு கார்டு எடுக்கறேன் மேடம். மகன் விஷயத்துல தப்பு என் மேலயான்னு கேக்கறேன். ஒரு கார்டும் மூஞ்சிக்கு நேரா பதில் சொல்ல மாட்டேங்குது. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே இன்னும் புரியலை."

இப்படி அலுத்துக்கிட்டவர் சங்கரபாண்டியன். அறுபத்திமூணு வயசு, ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு வருஷம் முன்னால மகன் திலீபன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜோடியா வாசல்ல வந்து நின்னப்போ, கேட்டைத் திறக்க மாட்டேன்னுட்டார். அன்னைக்கோட ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு.

கேட்டுக்கிட்டிருந்தவ செலின். முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது. பெரம்பூர்ல மாவு மில்லுக்கு மேல் மாடியில, சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாரட்ங்கற படச்சீட்டு கிளாஸ் எடுக்கறவ. ஜோசியம்னு யாராவது வந்தா படியிலேயே திருப்பி அனுப்பிடுவா. நாளைக்கு நடக்கப்போறது கார்டுக்குத் தெரியாது, உங்க மனசுல ஓடறதை உங்களுக்கே காட்டும், அவ்வளவுதான்னு சொல்லுவா.

அன்னைக்கு வேற யாரும் வரலை.

"நோட்டைக் குடுங்க சார்."

தினம் எடுத்த கார்டையும், அதைப் பார்த்ததும் தோணினதையும் எழுதி வைக்கணும்ங்கறது அந்தக் கிளாஸ் வழக்கம். மனுஷன் எழுதியிருந்தார், மார்ஜின் எல்லாம் போட்டு.

செலின் சத்தமா வாசிச்சா.

"சிம்மாசனத்துல ராஜா. 'இது நான்.' மலை மேல விளக்கு பிடிச்சு நிக்கற துறவி. 'இது நான்.' கையில தராசோட நீதி தேவதை. 'இதுவும் நான்.'"

"மனசுல பட்டதைத்தான் எழுதினேன்."

"நல்லாத்தான் பட்டிருக்கு."

அவருக்குச் சுருக்குன்னுச்சு. முப்பது வருஷம் மத்தவங்களை நிக்கவச்சுக் கேள்வி கேட்டவராச்சே.

செலின் கார்டுக் கட்டைக் கலைச்சு மேஜையில விரிச்சா.

"ஒண்ணு எடுங்க."

எடுத்தார். கறுப்புப் போர்வை போர்த்தின ஒருத்தன், கவிழ்ந்து கிடக்கிற கோப்பைகளைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டு நிக்கறான். அவன் முதுகுக்குப் பின்னால ரெண்டு கோப்பை கவிழாம இருக்கு. அவன் திரும்பிப் பார்க்கலை.

"யாரு சார் இது?"

கொஞ்சம்கூட யோசிக்கலை மனுஷன்.

"என் பையன்."

அடப்பாவமே! சிம்மாசனம்னா இவராம், கறுப்புப் போர்வைன்னா பிள்ளையாம்.

செலின் அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. அந்தப் பார்வைக்கே அவர் தானா சொல்ல ஆரம்பிச்சார்.

"நேத்து சாயங்காலம் போன் பண்ணினான் மேடம். நாலு வருஷம் கழிச்சு. குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறானாம், இனிமே அங்கேயேதானாம். ஏர்போர்ட்டுக்கு வந்தா பார்க்கலாம்ப்பான்னான். பக்கத்துல குழந்தை சத்தம் கேட்டது. எனக்குப் பேத்தி இருக்கறதே அப்போதான் தெரியும்."

"பிளைட் எப்போ?"

"இன்னிக்கு. பத்தே முக்காலுக்கு."

சுவர்க் கடிகாரத்துல பதினொண்ணு இருபது.

"போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"போகலாமான்னு காலைல கார்டைக் கேட்டேன். தலைகீழாத் தொங்கறவன் வந்தான். பொறுத்திருன்னு அர்த்தம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"முதல்ல எடுத்ததே அதுதானா?"

சங்கரபாண்டியன் மேஜையில விரிச்சிருந்த கார்டுகளை அடுக்க ஆரம்பிச்சார்.

"சார், உங்களைத்தான் கேக்கறேன்."

"நாலாவதா எடுத்தது."

"முதல் மூணு?"

"தேர் வந்தது. அடுத்தது, எட்டுக் கோலும் ஆகாசத்துல பறக்கிறது. அதுக்கப்புறம், சின்னப் பொண்ணுக்குப் பூ நீட்டுற கார்டு. மூணும் போ, போன்னுதான் சொல்லிச்சு. மனசுக்கு ஒட்டலைன்னா மறுபடி எடுக்கலாம்னு முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க?"

செலினுக்கு முகம் சுருங்கிப்போச்சு. சொன்னது அவதான். புதுசா வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.



"எதுக்கு சார் நாலாவது எடுத்தீங்க?"

"ஆட்டோ வாசல்ல நின்னுச்சு மேடம். செருப்புகூட போட்டுட்டேன்." அவர் குரல் உடைஞ்சுபோச்சு. "நான் அன்னைக்குப் பண்ணின மாதிரி, அவனும் அத்தனை பேர் முன்னால மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னா? பயந்துட்டேன். வேற ஒண்ணுமே இல்லை. நாலு வருஷமாவே பயம்தான். பெத்த பிள்ளைகிட்ட மன்னிச்சுக்கோன்னு சொல்லத் துணிச்சல் இல்லாதவன் நான்."

செலின் நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினா.

"எழுதிக்கோங்க சார், 'இது நான்'னு."

அவர் பேனாவைத் தொடக்கூட இல்லை.

"இப்போ தெரிஞ்சு என்ன புண்ணியம் மேடம்?"