நாலு பக்கமும் கேட்கும் மைக்

கருங்காட்டுப் பாறைக் குகைக்குள் ஒரு பாட்டுக் குழு ஒத்திகை பார்த்தது. நரி கிட்டார் வாசிக்கும். கரடி டிரம்ஸ் அடிக்கும். அடி என்றால் அப்படி இப்படி அடி இல்லை, குகையே கிடுகிடுக்கும்! பாடுவது மருக்கொழுந்து என்ற மைனா. காட்டுத் திருவிழாவில் முதன்முதலாக மேடையேறப் போகிறோம் என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழுவுக்குத் தலைவர் நரிதான். ஒருநாள் அது பளபளவென்று ஒரு புது மைக்கைக் கொண்டுவந்து நட்டது.

"சாதாரண மைக்குன்னு நினைச்சியா? நாலு பக்கமும் கேட்கும்! எறும்பு ஊர்ற சத்தத்தைக்கூட விடாது! நீ தள்ளி நின்னு பாடு, போதும்!"

மைனா தள்ளி நின்று பாடினாள். கரடி ஓங்கிப் போட்டது. டிரம்ஸ் சத்தத்தில் பாட்டு எடுபடவில்லை. நரி ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டியது. அவ்வளவுதான்!

"கீய்ய்ய்ங்!" என்று ஸ்பீக்கர் ஊளையிட்டது. கூரையில் தொங்கிய வௌவால்கள் அலறியடித்துப் பறந்தன.

"என்ன குரல் இது! காது கிழியுது!" என்றது நரி.

"ஆமாமா, தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி!" என்று கரடியும் ஒத்து ஊதியது.

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! மைனா மறுபடி பாடினாள். மறுபடி ஊளை.

"போதும் தாயே! திருவிழாவுக்குக் கிளியைக் கூப்பிட்டுக்கிறேன். நீ ஓரமா நின்னு தாளம் போடு!" என்றது நரி.

மைனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருட்டென்று பறந்து பாறைமேல் உட்கார்ந்தாள்.

"சரி, நான் வாயை மூடிக்கிறேன். நீங்க வாசிங்க பார்க்கலாம்!"

வாசித்தார்கள். "கீய்ய்ய்ங்!"

"நான்தான் வாயே திறக்கலையே! இப்ப எந்தத் தொண்டை கத்துது? சொல்லுங்க நரியண்ணே!"

கரடி குச்சியைக் கீழே வைத்தது. "அது... குகை சரியில்ல" என்று மழுப்பியது நரி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நாலு பக்கமும் கேட்கிற மைக், டிரம்ஸையும் கேட்கும், ஸ்பீக்கரையும் கேட்கும். ஸ்பீக்கர் போடுற சத்தத்தை வாங்கி அதுக்கே திருப்பிக் கொடுத்தா, ஊளை வராம பாட்டா வரும்? கோளாறு உங்க மைக்குல, பழி என் தொண்டைக்கா?"

மூலையில் ஒரு பழைய மைக் கிடந்தது. முன்னால் வருவதை மட்டும்தான் கேட்கும். 'செவிட்டு மைக்' என்று நரி தூக்கிப்போட்டது அது. மைனா அதை எடுத்து நட்டாள். அதன் முதுகை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினாள். அலகை ஒட்டிவைத்துப் பாடினாள். கரடி வெளுத்து வாங்கியது. ஊளை இல்லை! ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று கேட்டது.

"தப்புத்தான் மைனா" என்று கரடி தலையைச் சொறிந்தது.

"மைக்குலதான் கோளாறுன்னு நான் அப்பவே நினைச்சேன்!" என்றது நரி. அதற்கு வெட்கமாவது, மானமாவது!

"அப்பவே நினைச்சவரு எதுக்குக் கிளியைத் தேடினீங்க? நான் பாடுறேன். ஆனா அதுக்கு முன்னாடி, கோளாறு என் குரல்ல இல்ல, உங்க மைக்குலன்னு நீங்க மேடையில சொல்லணும். இதே மைக்குல, பக்கத்துல வந்து!"

வேறு வழி? திருவிழா மேடையில் நரி வாலைச் சுருட்டிக்கொண்டு சொன்னது. காடே கேட்டது. பிறகு மைனா பாடினாள்.

தான் தேர்ந்தெடுத்த பொருளின் குற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறவன், அதை ஊரறியத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.