மகிழமரத்துக்காகச் சினந்த கொளஞ்சியம்மையார்

மணிமுத்தாற்றங்கரையில் பூவிருந்தூர் என்னும் ஊரில் எழுந்தருளியிருக்கும் பூவிருந்தநாதரின் நந்தவனத்தில் களை பறித்து, சருகு கூட்டி, தண்ணீர் சுமந்து வாழ்ந்தவர் கொளஞ்சியம்மையார். விடியுமுன் குளித்து, ஈரச் சேலையோடு பூ எடுத்து, மாலை கட்டிக் குருக்களிடம் கொடுப்பார். அந்த மாலையைச் சாமிமேல் அவர் கிட்டே நின்று கண்டதில்லை. நந்திக்கு இப்பால் நின்றுதான் கும்பிடுவார். உள்ளே வா என்று அவரை எவரும் அழைத்ததில்லை.

எந்த மண்ணுக்கு எந்த மரம் என்பது அவருக்குக் கைப்பாடம். குளத்தோரத்து ஈரத்தில் புன்னை வைத்தார். சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் தரையில் கொன்றை வைத்தார். வேலியோரம் நந்தியாவட்டையும் அரளியும் வைத்தார். கடல் கடந்து வந்த மரம் என்று சொல்லப்பட்ட நாகலிங்கத்தையும் அவர் ஒதுக்கவில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, சாமிக்குப் பூ கொடுக்கிறதா என்பதே அவர் கேள்வி. தம் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஆண்டில், நந்தவனத்தின் நடுவில் ஒரு மகிழங்கன்றை நட்டார். அழுவதற்கு நேரமில்லாமல் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

குடமுழுக்குக்கு நாள் குறித்தார்கள். திருப்பணிக் குழுத் தலைவர் தெய்வசிகாமணி, நகரத்திலிருந்து தோட்டம் அமைப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. செல்போனில் படம் காட்டினார். வரிசையாகக் கோனோகார்பஸ் என்னும் அழகு மரம், மூலைக்கொரு பாட்டில் பனை, சுவரோரம் காகிதப்பூ. இலை உதிராது, குப்பை சேராது என்றார். நந்தியாவட்டையும் அரளியும் கொன்றையும் புன்னையும் ஒரே நாளில் பொக்லைனுக்கு இரையாயின. நாகலிங்கத்தையும் விடவில்லை. அம்மையார் குறுக்கே போய் நின்றபோது தலைவர் சிரித்தார்.

“ஆத்தா, ஒனக்குக் கூட்டுற வேலை மிச்சந்தான? சந்தோசமா வீட்ல இரு.”

அன்றோடு அவர் வேலையும் போயிற்று. அவர் கெஞ்சவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. மதிலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கேட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லைக் கடித்தார்.

வெட்டிய இடமெல்லாம் படத்தில் காட்டியபடி புதுக் கன்றுகளை நட்டார்கள். பழைய மரங்களில் மகிழமரம் மட்டும் நின்றது. அதன் வேர் புதுக் கல்தளத்தைத் தூக்கும் என்று அதையும் வெட்டத்தான் நினைத்தார்கள். ஆனால் நந்தவனத்தின் நடுமரத்தை வெட்டுமுன் சாமியிடம் பூவாக்குக் கேட்பது அந்தக் கோயில் வழக்கம். சந்தனம் தொட்டு லிங்கத்தின் உச்சியில் ஒரு பூவை வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. அந்தப் பூ அதே நந்தவனத்தில் பூத்ததாக இருக்க வேண்டும்.

தலைவர் வெள்ளித் தட்டு நிறையக் காகிதப்பூ கொண்டுவந்து நீட்டினார். குருக்கள் தட்டைத் தொடவில்லை.

“இது சாமிக்கு ஆகாது. வேற பூ குடுங்கோ.”

வேறு பூ எங்கே இருக்கிறது? அவ்வளவு பெரிய தோட்டத்தில் ஈசன் தலையில் வைக்க ஒரு பூ இல்லாமல் செய்திருந்தார்கள். மிஞ்சியது வெட்ட நினைத்த மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மகிழம்பூதான். அதையே எடுத்து வைத்தார்கள். தலைவர் மூன்று முறை கேட்டார். பூ அசையவில்லை. உச்சிக்காலம் ஆயிற்று. அப்போதும் அசையவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு குருக்கள் சொன்னார், “கேக்க வேண்டியவா வெளில ஒக்காந்திருக்கா. அவாள உள்ள கூப்பிடுங்கோ.”

கொளஞ்சியம்மையார் முதன்முறையாக நந்தியைத் தாண்டி வந்தார். கருவறை வாசலில் நின்றார். கை கூப்பவில்லை.

“நந்தியாவட்டைய வெட்டுனப்ப வாயத் தொறந்தியா? புன்னைய சாச்சப்ப தொறந்தியா? எம்மவள எடுத்தப்பகூட ஒன்ன நான் ஒரு வார்த்த கேக்கல. இப்ப கேக்குறேன். எனக்காவப் பேச வேணாம். நாளைக்கு ஒந்தலைல என்னத்த வெச்சுக்குவ, அத மட்டும் சொல்லு.”

சொல்லி வாய் மூடவில்லை, பூ இடப்பக்கம் விழுந்தது. விழுந்த பூ ஆவுடையில் நிற்காமல் உருண்டு, படி இறங்கி, அவர் கால்விரலருகே வந்து நின்றது. குருக்கள் “சிவ சிவா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலைவர் தலை நிமிரவில்லை.

அம்மையார் குனிந்து பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இத்தச் சொல்ல இவ்ளோ நேரமா ஒனக்கு?” என்றார். கோபம் அப்போதும் ஆறியிருக்கவில்லை.

பிறகு திரும்பி, மண்வெட்டி எங்கே என்று தலைவரிடமே கேட்டார். அன்று மாலைக்குள் கோனோகார்பஸ் கன்றுகள் எல்லாம் வேரோடு வெளியே கிடந்தன. அவற்றைப் பிடுங்கியவர்களில் தெய்வசிகாமணியும் ஒருவர். எந்தக் குழியில் எந்தக் கன்று என்று அம்மையார் கை நீட்டிச் சொல்ல, ஊர் நட்டது.

தமக்கென்று ஒன்றும் கேளாமல், ஈசனுக்குப் பூ வேண்டுமென்று ஈசனையே வைத கொளஞ்சியம்மையாரின் மண் படிந்த பாதங்களைப் பணிகின்றோம்.