தூணில் செதுக்க ஒரு சொல்

முன்னொரு காலத்தில் பொழிலூர் நாட்டைப் பரிதிவேள் என்றொரு மன்னர் ஆண்டார். நல்லவர்தாம், சதுரங்கத்தில் தோற்றுவிட்டால் மட்டும் நல்லவராக இருக்க அவரால் இயலாது. அன்று காலை அமைச்சர் அம்பலவாணரிடம் மூன்று ஆட்டம் தோற்றிருந்தார்.

"அமைச்சரைப் பதவியிலிருந்து நீக்கப் போகிறேன்," என்று அவையில் அறிவித்தார்.

அந்தப் பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த கொடுமுடியார் துள்ளி எழுந்தார். "'நீக்கினோம்' என்பது சோற்றில் கல் பொறுக்குவது போல இருக்கிறது, அரசே! 'கழுத்தைப் பிடித்துத் தள்ளினோம்' என்று ஓலையில் எழுதச் சொல்லுங்கள். கேட்பவர் நடுங்க வேண்டாமா?"

"ஆகா! அப்படியே ஆகட்டும்!"

அம்பலவாணர் எழுந்து நின்றார். முப்பதாண்டு உழைப்பு ஓர் ஓலையோடு முடியப் போகிறது. ஆயினும் குரல் நடுங்காமல் சொன்னார்: "எழுதலாம், அரசே. தங்கள் ஆட்சியில் இதுவே முதல் நீக்கம். வழக்கப்படி அந்தச் சொல்லை அரண்மனை வாயில் தூணில் செதுக்க வேண்டும். அதன்பின் எந்த இருக்கையிலிருந்து எவரை அகற்றினாலும் அதே சொல், அதே செயல்."

"எந்த இருக்கை என்றால்?" மன்னர் தம் அரியணையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தங்கள் பெரிய தகப்பனார் 'விரட்டினோம்' என்று செதுக்கச் செய்தார். பிற்பாடு அவரை என்ன செய்தார்கள்?"

"விரட்டினார்கள்," என்றார் மன்னர் மெல்ல. "ஆற்றுக்கு அப்பால் வரைக்கும். ஒற்றைச் செருப்போடு."

"'இறக்கினோம்' என்றிருந்தால் கைத்தாங்கலாக இறக்கியிருப்பார்கள். 'விலக்கினோம்' என்றால் ஒதுங்கி நிற்கச் சொல்லியிருப்பார்கள். 'கழுத்தைப் பிடித்து' என்றால்..."

மன்னரின் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று. அவர் திரும்பினார். "கொடுமுடியாரே, உம்மை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் இதே சொல்தானா?"

கொடுமுடியாரின் தலைப்பாகை ஆடியது. "அது... 'போய்வரச் சொன்னோம்' என்று எழுதினால் காதுக்கு இதமாக இருக்குமே, அரசே!"

அவை கொல்லென்று சிரித்தது.

"பிறர் கழுத்துக்கு ஒரு சொல், உம் கழுத்துக்கு ஒரு சொல்லா? ஆனாலும் நல்ல சொல். என் கழுத்துக்கும் நல்லது. அதையே செதுக்கட்டும். முதல் ஓலை உம் பெயருக்கே."

மன்னர் அம்பலவாணரை அருகில் அமர்த்தி, தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

வாயில்வரை சென்ற கொடுமுடியார் திரும்பி நின்றார். "எப்போது வரட்டும், அரசே?"

"அதற்கென்ன அவசரம்? முதலில் போம்."