குமிழியின் கருப்புப் பக்கம்

முதல் கட்டுரையில் மாடத்தியின் பெயரையே விட்டார்கள். இரண்டாவதில் ‘ஆய்வக ஊழியர்’ என்று போட்டார்கள். மூன்றாவதில் பேராசிரியர் ருக்கையா, ‘லேப் அக்காவுக்கு அன்பும் நன்றியும்’ என்று எழுதினார்.

மூன்றாவதுதான் அதிகம் வலித்தது. பதினெட்டு வருடமாக ஆய்வுக்குக் கொழுப்புப் படலத்தாலான நுண்ணிய குமிழிகளைச் செய்து கொடுத்தவளை நுண்ணோக்கி முன் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் ருக்கையாதான். மாடத்தியைவிடப் பத்து வயது இளையவர்.

நான்காவது கட்டுரையை அன்று பதினோரு மணிக்குத் துறைக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறார்கள். பத்து மணிக்கே மாடத்தி ஆய்வகத்தில் ருக்கையா முன் போய் நின்றாள்.

“இதுலயாவது என் பேரு வருமா, மேடம்?”

“துறைத்தலைவர் வேண்டாங்கிறார். குமிழி செய்யறது கைவேலையாம்.”

“அந்தக் கருப்புப் பக்கம் ஓட்டை இல்லைன்னு சொன்னதும் கைதானா?”

ருக்கையா நாற்காலியை நகர்த்தி இடம்விட்டார்.

“ஒரு குமிழி வைங்க.”

மாடத்தி வைத்தாள். சாயம் ஏறிய குமிழி பச்சை வளையமாக ஒளிர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் கருப்பு. போன வருடம் துறைத்தலைவர் அதை ஓட்டை என்றார். ஓட்டை என்றால் உள்ளே இருக்கும் சர்க்கரைத் தண்ணீர் ஒழுகியிருக்குமே, குமிழி இப்படி உருண்டையாக நிற்குமா என்று கேட்டவள் மாடத்தி. பச்சைச் சாயம் ஒட்டாத கொழுப்பு அது. அதில் ஒட்டுகிற சிவப்புச் சாயத்தையும் இந்தக் குமிழியில் கலந்திருந்தாள்.

“இப்ப ஃபில்டரை மாத்துங்க.”

சிவப்பு ஒளியை மட்டும் விடும் கண்ணாடிக்கு மாற்றினாள். பச்சை மறைந்தது. கருப்பாக இருந்த பக்கம் சிவப்பாக எரிந்தது.

“இது எப்ப வந்துச்சு?” என்றார் ருக்கையா.

“எப்பவும் இருந்துச்சு, மேடம்.”

“நான் உங்களை எத்தனை வருஷமா அக்கான்னு கூப்பிடறேன்?”

“ஆறு.”

ருக்கையா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“முழுப்பேரை எழுதிக் கொடுங்க. எனக்குத் தெரியாது.”

மாடத்தி எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மாடத்தி உள்ளே வந்ததும் துறைத்தலைவர் திரும்பினார்.

“என்ன லேப் அக்கா, டீ வந்தாச்சா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ருக்கையா கட்டுரையின் தலைப்பை வாசித்தார். பிறகு அந்தத் தாளைப் பிரித்தார்.

“பேரெல்லாம் எதுக்கும்மா? விஷயத்துக்கு வாங்க” என்றார் தலைவர்.

“விஷயத்துக்குத்தான் வரேன், சார். எழுதினவங்க ரெண்டு பேர். ரெண்டாவது நான். முதல் பேர்...”

சிரித்தவர்கள் நிமிரும்வரை ருக்கையா காத்திருந்தார்.

“செங்கோட்டை சுப்பையா மாடத்தி.”