திமிங்கல ஆராய்ச்சி

பாய்மரக் கப்பல்கள் ஓடிய முன்னொரு காலத்தில், கரையோர நாடொன்றை ஆண்ட செங்கோடவர்மனுக்கு ஓர் ஆசை வந்தது. தன் பிறந்தநாளில் அரண்மனை விளக்கெல்லாம் திமிங்கல எண்ணெயில் எரிய வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். திமிங்கலங்கள் அருகிப்போனதால், கடலோர அரசர்கள் எல்லாரும் கூடி, இனி அவற்றைக் கொல்வதில்லை என்று உடன்படிக்கை செய்திருந்தார்கள். செங்கோடவர்மன் சார்பில் போய் வாக்குக் கொடுத்து வந்தவன் அரண்மனை விகடகவி நாகலிங்கன். அந்தத் தூது தனக்குக் கிடைக்கவில்லையே என்று அமைச்சர் விருதராயருக்குத் தீராத எரிச்சல்.

"மகாராஜா, ஆராய்ச்சிக்காகக் கொல்ல உடன்படிக்கையில் இடம் இருக்கிறது," என்றார் அமைச்சர். "திமிங்கலம் என்ன தின்கிறது என்று வயிற்றை அறுத்து ஆராய்வோம். மிஞ்சும் எண்ணெயை வீணாக்குவானேன்? இதை நாகலிங்கனே அரசர்கள் சபையில் போய் அறிவிக்கட்டும்."

அரசன் மகிழ்ந்து போனான். நாகலிங்கன் அசையவில்லை.

"வாக்குக் கொடுத்த வாயால் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன், மகாராஜா."

"மறுத்தால் தலை போகும்."

"போகட்டும். அதற்கு முன் நானும் ஓர் ஆராய்ச்சி செய்ய அனுமதி வேண்டும்."

"செய்துகொள்," என்றான் அரசன் கோபமாக.

மறுநாள் நாகலிங்கன் நீளக் கத்தியும் பெரிய கொப்பரையுமாகச் சபைக்கு வந்தான். நேரே போய் அமைச்சரின் தொந்தியைக் கயிற்றால் அளந்தான்.

"என்ன செய்கிறாய்?" என்றார் அமைச்சர்.

"தாங்கள் என்ன தின்று இப்படிக் கொழுத்தீர்கள் என்று ஆராயப் போகிறேன். மகாராஜா அனுமதி தந்துவிட்டார்."

"கொப்பரை எதற்கு?"

"மிஞ்சும் கொழுப்பை வீணாக்குவானேன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசன் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது.

"அதற்கு அறுப்பானேன்? நான் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாதா?" என்று அலறினார்.

நாகலிங்கன் கத்தியைக் கீழே வைத்தான். "மகாராஜா, அமைச்சரே வழி சொல்லிவிட்டார். திமிங்கலம் தின்பதையும் படகில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறமும் அறுக்கத்தான் வேண்டும் என்றால், அது ஆராய்ச்சி இல்லை, களவு. அரசர்கள் சபையிலும் களவு என்றேதான் சொல்வேன். தலை இதோ இருக்கிறது."

அரசன் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு ஓயக் கொஞ்ச நேரமாயிற்று.

தன் முத்துமாலையைக் கழற்றி நாகலிங்கன் கழுத்தில் போட்டான். உடன்படிக்கையிலிருந்து அந்த ஆராய்ச்சி வாசகத்தையே நீக்கும்படி கேட்க அவனை மறுபடி தூது அனுப்பினான். அமைச்சரையோ ஒரு படகில் ஏற்றி, திமிங்கலம் என்ன தின்கிறது என்று பார்த்து வரச் சொன்னான்.

பிறந்தநாளன்று அரண்மனையில் நல்லெண்ணெய் விளக்குகள் எரிந்தன. அமைச்சர் நடுக்கடலில் குமட்டிக்கொண்டு கிடந்தார்.